மதுரையில் சுண்டெலி ஆய்வுக்கூடத்தைப் புதுப்பித்தல்: காற்றில் தொடங்கிக் கருவியில் முடியும் வழிகாட்டி

ஆய்வு எலிகளை வைத்து வளர்க்கும் அனிமல் ஹவுஸைப் புதுப்பிக்க நிதி வந்துவிட்டது என்ற செய்தி துறைக்குள் பரவியதும் மேசைக்கு முதலில் வந்து சேர்வது கருவிகளின் விலைப்பட்டியல்தான். காற்றோட்டக் கூண்டு அடுக்கு, நடத்தையைப் பதிவு செய்யும் கேமரா, மயக்க மருந்துக் கருவி என ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். அந்தப் பட்டியல்கள் அனைத்தையும் ஓர் உறையில் போட்டு ஆறு மாதம் பூட்டி வைப்பதுதான் சரி என்பது என் அனுபவம். காற்று, மின்சாரம், தண்ணீர், அறை, கூண்டு, அதன்பின் கருவி என்ற வரிசையில் வேலை நடந்தால் பணம் பயன்படும். வரிசை தலைகீழானால், விலையுயர்ந்த கருவி ஒன்று 33 டிகிரி வெப்பத்தில் தவிக்கும் எலியைத் துல்லியமாக அளந்துகொண்டிருக்கும்.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒன்றிரண்டு அறைகளில் சில நூறு சுண்டெலிகளை வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டிய ஸ்ப்லிட் ஏசியையும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனையும் நம்பி ஆய்வு நடத்திவரும் கல்லூரி, பல்கலைக்கழக, மருத்துவமனைக் கூடங்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: இருப்பதை அளந்து பாருங்கள்

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வெப்ப, ஈரப்பதப் பதிவுக் கருவிகள் நான்கைந்து வாங்கி, இரண்டு வாரம் இடைவிடாமல் ஓடவிட வேண்டும். ஒன்றை மேல் அடுக்கிலும், ஒன்றைக் கீழ் அடுக்கிலும், ஒன்றை ஏசிக் காற்று நேராகப் படும் இடத்திலும், ஒன்றை அறையின் மூலையிலும் வைக்க வேண்டும். முடிந்தால் இன்னொன்றை எலி இல்லாத கூண்டு ஒன்றுக்குள்ளேயே, படுக்கையாகப் போடும் உமியின் மேல் வைக்கலாம். சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவது மனிதர் நிற்கும் உயரத்தின் கதை. எலி வாழ்வது கூண்டுக்குள். மே மாதத்தில் இரண்டு வாரமும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரில் இரண்டு வாரமும் அளந்துவிட்டால், வடிவமைப்பாளரிடம் ஊகத்தைச் சொல்லாமல் எண்களைக் கொடுக்க முடியும்.

அதே வாரங்களில் எத்தனை எலி தேவைப்படும் என்ற கணக்கையும் போட்டுவிட வேண்டும். 25 கிராமுக்கு மேல் எடையுள்ள சுண்டெலி ஒன்றுக்கு 96.7 சதுர சென்டிமீட்டர் தரைப்பரப்பு வேண்டும் என்று நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நம் கூடங்களில் பரவலாக உள்ள 29-க்கு 22 சென்டிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கூண்டின் பரப்பு 638 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் ஆறு எலி வரும்; ஐந்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கமும் நல்லதும். ஒரே நேரத்தில் 300 எலிகள் ஆய்வில் இருக்குமென்றால் 60 கூண்டுகள் வேண்டும். 20 இனப்பெருக்க ஜோடிகளுக்கு 20 கூண்டுகள், பால்குடி மறந்த குட்டிகளை ஆண், பெண் எனப் பிரித்து வைக்க இன்னும் சில, கழுவும் இடத்திலும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் சுழன்றுகொண்டிருக்க இவற்றில் பாதியளவாவது கூடுதல் கூண்டுகள். இந்தக் கடைசி வரியை மறப்பவர்கள்தான் சனிக்கிழமை மாலையில் ஈரம் காயாத கூண்டில் எலியை மாற்றுகிறார்கள்.

இரண்டாம் படி: அனுமதிகள்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க அமைந்த மத்தியக் குழுவிடம் கூடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பழையவர்கள் இன்றும் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று சொல்லும் அந்தக் குழுவுக்கு இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று பெயர். விலங்கு இனப்பெருக்கத்துக்கும் சோதனைகளுக்குமான விதிகள் 1998-இல் வந்தவை. அறைகளின் அமைப்பு மாறும்போது புதிய வரைபடத்தை நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் கூட்டத்தில் வைத்து, ஒப்புதலைக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குழுவில் உள்ள கால்நடை மருத்துவரைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல், வரைபடத்தைப் பென்சிலில் போடும்போதே பக்கத்தில் உட்காரவையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கும், பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும்.

கொள்முதல் பற்றி ஒரு சொல். மத்திய நிறுவனங்கள் அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தின் வழியாகவும், மாநில நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படியும் வாங்க வேண்டியிருப்பதால் குறைந்த விலைக்காரருக்கே வேலை போகும் என்று பலர் முன்கூட்டியே சோர்ந்துவிடுகிறார்கள். குறைந்த விலை என்பது நீங்கள் எழுதிய தரக்குறிப்பை நிறைவேற்றுகிறவர்களுக்குள் குறைந்த விலை. தரக்குறிப்பில் “நல்ல காற்றோட்டம்” என்று எழுதினால் நல்ல என்பதன் பொருளை ஒப்பந்ததாரரே முடிவு செய்வார். எண்ணை எழுதுங்கள், அந்த எண்ணை உங்கள் அறையில், உங்கள் முன்னால் அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணை என்றும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: வேலை நடக்கும் காலத்தில் எலிகள் எங்கே?

சுவரை இடிக்கும் டிரில்லின் அதிர்வு சினை எலிக்கும் ஈன்ற எலிக்கும் பெருங்கேடு. குட்டிகளைத் தாயே தின்றுவிடுவதை அந்த வாரங்களில் பார்க்க நேரிடும். ஆகவே இடிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே இணை சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். சுண்டெலியின் சினைக்காலம் 19 முதல் 21 நாள், பால் மறக்க இன்னும் 21 நாள். இரண்டையும் கூட்டினால் அந்த ஆறு வாரம் வரும்.

இரண்டு அறை இருந்தால் ஒன்றை முடித்து எலிகளை அங்கே மாற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். ஒரே அறைதான் என்றால், பதிவு பெற்ற வேறொரு கூடத்தில் தற்காலிகமாக இடம் கேட்பதே முறை. மிக அரிய மரபுவழி எதையேனும் வைத்திருப்பவர்கள் கருவையோ விந்தணுவையோ உறைநிலையில் சேமிக்கும் வசதியுள்ள மையத்துக்கு முன்னதாகவே அனுப்பிவிடலாம். நீண்டகால ஆய்வு எதுவும் இந்த மாற்றத்தின் குறுக்கே விழக் கூடாது. பாதி ஆய்வு பழைய அறையிலும் மீதி புதிய அறையிலும் நடந்தால், மருந்தின் விளைவையும் இடமாற்றத்தின் விளைவையும் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

நான்காம் படி: காற்று

இதில்தான் நிதியின் பெரும்பகுதி போக வேண்டும், இதில்தான் எல்லோரும் கையைச் சுருக்குகிறார்கள். ஸ்ப்லிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. வெளிக்காற்று ஒரு துளியும் உள்ளே வருவதில்லை. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, எலியின் முடித்துகள், உமித்தூசு எல்லாம் குளிர்ந்த நிலையில் அங்கேயே சுற்றிவருகின்றன. காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடியை “அனிமல் ஹவுஸ்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்று நாம் பழகிக்கொண்டுவிட்டோம். நாம் ஒரு நிமிடத்தில் வெளியேறிவிடுவோம். எலியின் மூக்கோ உமியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நாள் முழுவதும் இருக்கிறது.

மணிக்கு 12 முதல் 15 முறை அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும், அதுவும் வடிகட்டிய புதிய காற்றாக வர வேண்டும், வெளியேறியது திரும்ப உள்ளே வரக் கூடாது என்பதே ஏற்கப்பட்ட அளவு. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். 12 முறை என்றால் மணிக்கு 720 கன மீட்டர், 15 முறை என்றால் 900 கன மீட்டர். மே மாதப் பிற்பகலில் 40 டிகிரியில் இருக்கும் மதுரைக் காற்றை இந்த அளவுக்கு இழுத்து 23 டிகிரிக்குக் கொண்டுவரும் திறன் குளிர்விப்பானுக்கு இருக்க வேண்டும். சாதாரண அலுவலக அறைக்குப் போடும் டன் கணக்கு இங்கே பலிக்காது. வளர்ந்த சுண்டெலி ஒன்று தோராயமாக அரை வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 600 எலிகளுக்கு 300 வாட் என்பது பெரிய சுமை இல்லை. உண்மையான சுமை வெளிக்காற்றும் அதிலுள்ள ஈரமும்தான். நவம்பரில் வெப்பம் குறைந்து ஈரப்பதம் ஏறும்போது, குளிர்விப்பதோடு ஈரத்தையும் பிழிந்தெடுத்து, பிறகு சற்றே சூடேற்றி அனுப்பும் அமைப்பு இல்லையென்றால் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி, கூண்டின் உமி மூன்றாம் நாளே நசநசத்துவிடும்.

காற்றைக் கையாளும் இயந்திரத்தில் இரண்டு மின்விசிறிகள் இருக்கட்டும்; ஒன்று ஓட, மற்றொன்று காத்திருக்க. வடிகட்டிகளின் இருபுறமும் அழுத்தமானி பொருத்தினால் தூசு அடைந்ததை நாள்காட்டி பார்த்து ஊகிக்காமல் முள் பார்த்து அறியலாம். தூய்மையான எலி அறைக்குள் அழுத்தம் தாழ்வாரத்தைவிட 10 முதல் 15 பாஸ்கல் கூடுதலாக இருந்தால் கதவு திறக்கும்போது காற்று வெளியே தள்ளும். நோய்க்கிருமி கொடுத்த எலிகளின் அறையிலும் புதிதாக வந்த எலிகளின் தனிமை அறையிலும் இது எதிர்மாறாக இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எலிகள் இல்லாத நாளில் கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து, இடுக்கின் அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு அறையின் நான்கு மூலைகளிலும் கூண்டு அடுக்குகளுக்கு இடையிலும் பிடியுங்கள். புகை எழுந்த இடத்திலேயே சுருண்டு நின்றால் அங்கே காற்று செத்துக் கிடக்கிறது. ஒப்பந்ததாரர் கொடுத்த நாற்பது பக்க அறிக்கை சொல்லாததை ஒரு ரூபாய் ஊதுபத்தி சொல்லிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வெப்பநிலையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. உடலைச் சூடாக்கவோ குளிரவைக்கவோ கூடுதல் முயற்சி தேவையில்லாத வெப்பம் சுண்டெலிக்கு ஏறக்குறைய 30 டிகிரி. நாமோ நம் வசதிக்கும் கருவிகளின் வசதிக்கும் 22, 23 டிகிரியில் அறையை வைக்கிறோம். வெளியே தார்ச்சாலை இளகும் வெயிலில், உள்ளே எலி குளிரில் நடுங்கிக்கொண்டு தன் உணவின் ஒரு பகுதியை உடல் சூட்டுக்கே செலவழிக்கிறது. இதற்கு மருந்து அறையைச் சூடாக்குவது அல்ல. கூண்டுக்கு 8 கிராம் அளவுக்காவது கிழித்த காகிதமோ பஞ்சுத் துண்டோ போட்டால் எலியே கூடு கட்டித் தனக்கு வேண்டிய வெப்பத்தை அமைத்துக்கொள்ளும். மறுநாள் காலை அந்தக் கூட்டைப் பாருங்கள். சுவர் எழுப்பிக் குழிவாக மூடியிருந்தால் எலி நலம். கொடுத்த காகிதம் கொடுத்தபடியே மூலையில் கிடந்தால் எலிக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது, அல்லது அறை மிகவும் சூடாக இருக்கிறது.

ஐந்தாம் படி: மின்சாரம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது, விளக்குகள் எரிந்தன, எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தோம். பதினொன்றரைக்கு அட்டெண்டர் அண்ணன் வந்து, “சார், லைட்டு எரியுது, ஏசி ஓடலையே” என்றார். குளிர்விப்பானின் இணைப்பு ஜெனரேட்டர் பலகைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. கட்டி முடித்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்திருக்கிறது. மேல் அடுக்கில் 34 டிகிரி. எலிகள் கூண்டின் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தன, சிலவற்றின் கழுத்து எச்சிலால் நனைந்திருந்தது. அன்று எதுவும் சாகவில்லை, ஆனால் அந்த வாரத்தின் அளவீடுகள் அனைத்தையும் கழித்துவிட்டோம்.

ஆகவே ஜெனரேட்டரின் திறனை விளக்குகளுக்காகக் கணக்கிடாமல் காற்றமைப்பின் தொடக்க மின்னோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மின்சாரம் நின்றதும் தானாக மாறும் சுவிட்ச் இருக்க வேண்டும். காற்றோட்டக் கூண்டு அடுக்கின் ஊதுவிசிறிக்கு யூபிஎஸ் தனியாக வேண்டும். அந்தக் கூண்டுகள் இறுக மூடியவை. விசிறி நின்றால் உள்ளே கரியமில வாயுவும் ஈரமும் ஏறத் தொடங்கும். 28 டிகிரியைத் தாண்டினால் கால்நடை மருத்துவர், பொறியாளர், பொறுப்பு விஞ்ஞானி மூவரின் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பும் எச்சரிக்கைக் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதன் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்வது யார் வேலை என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

ஜெனரேட்டரும் மின்பலகையும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள். 2001-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆலிசன் புயல் மழையின்போது மருத்துவ ஆய்வு நிறுவனங்களின் அடித்தளங்களில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கான ஆய்வக விலங்குகள் மாண்டன. மதுரை வறண்ட ஊர்தானே என்று நினைப்பவர்கள் 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதி பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கலாம். கண்மாயின் தாழ்பகுதியில் கட்டடம் இருந்தால் எலி அறை முதல் தளத்துக்குப் போகட்டும்.

ஆறாம் படி: தண்ணீர்

இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் கடினத்தன்மையும் வீட்டுக் குழாய்களைப் பார்த்தாலே தெரியும். அதே நீரை ஆட்டோகிளேவுக்குக் கொடுத்தால் வெப்பச் சுருளில் வெள்ளைப் படலம் ஏறி, ஓரிரு ஆண்டிலேயே சுருள் எரிந்துபோகும். “மெஷின் சரியில்லை” என்று நிறுவனத்தோடு சண்டை போடுவதற்கு முன், உள்ளே போகும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கழுவும் இயந்திரத்துக்கும் ஆட்டோகிளேவுக்கும் மென்னீராக்கி, எலிகள் குடிக்க ஆர்.ஓ. நீர் என இரண்டு வழியாகப் பிரிப்பது செலவைக் குறைக்கும். ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் நீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிடலாம். கோடையில் அதன் அருமை தெரியும்.

குடிநீரை ஆட்டோகிளேவில் வைத்துக் கொடுப்பது போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகளுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2.5 முதல் 3.0 வரை கொண்டுவரும் வழக்கமும் உண்டு. பாட்டிலை மாட்டியதும் அதன் குழாய் மூக்கில் விரலால் தட்டி ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்காமல் நகரக் கூடாது. அடைத்த மூக்கு எலியைத் தாகத்தில் கொல்லும், ஒழுகும் மூக்கு கூண்டைக் குளமாக்கிக் குட்டிகளைக் குளிரில் கொல்லும்.

ஏழாம் படி: அறை, ஒளி, ஒலி

தரைக்கு எபாக்ஸி பூச்சு. தரையும் சுவரும் சேரும் இடத்தில் வளைவு. சுவரில் கழுவக்கூடிய வண்ணம். கூரையில் வெடிப்பு இல்லாமை. இவை எல்லாம் ஒப்பந்ததாரருக்குத் தெரிந்தவை. அவர் கவனிக்காமல் விடுவது குழாய்களும் ஒயர்களும் சுவரைத் துளைத்து வரும் இடங்களில் உள்ள இடுக்குகள். 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் காட்டுச் சுண்டெலி நுழைந்துவிடும். அது கொண்டுவரும் புழுவும் பேனும் வைரஸும் ஒரு காலனியையே அழிக்கும். நம் ஊரில் இன்னொரு எதிரி எறும்பு. பிறந்த குட்டிகளை ஓரிரவில் மொய்த்துவிடும். அடுக்கின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய முறையைச் சிரிக்காமல் தொடருங்கள். எலி அறைக்குள் பூச்சிமருந்து அடிக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒளியைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் நம் வயல்களில் வாழும் சுண்டெலியின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்து, இருளில் குறுகிய நேரம் படும் ஒளியே அந்தக் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்திவிடுவதைக் காட்டியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பாதுகாவலர் விளக்கைப் போட்டு எட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய குறுக்கீடு என்பதை இங்கே இருந்தே கற்றுக்கொள்ளலாம். 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் என டைமர் வையுங்கள், அந்த டைமர் மின்தடைக்குப் பிறகு தானே சரியான நேரத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். கதவின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டலாம். சிவப்பு ஒளி எலிக்கு மிக மங்கலாகவே தெரியும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 325 லக்ஸ் போதுமானது. வெள்ளை எலிகளின் விழித்திரை அதிக ஒளியில் பழுதடையும் என்பதால் மேல் தட்டின்மேல் ஒரு மறைப்பு வேண்டும்.

ஒலிதான் நாம் மிகக் குறைவாகக் கவனிப்பது. நம் செவி 20 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. சுண்டெலியின் செவி ஏறக்குறைய 90 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. சொட்டும் குழாயும் பழைய கணினித் திரையும் நமக்குக் கேட்காத ஓலத்தை எழுப்பக்கூடும். அதற்குமேல் நமக்கே கேட்பவையும் உண்டு: சித்திரைத் திருவிழாவின் வேட்டு, பக்கத்துத் தெரு முளைப்பாரியின் குழாய் ஒலிபெருக்கி, மேலூர்ப் பக்கம் என்றால் கல்குவாரி வெடி. திருவிழாவை நிறுத்த முடியாது, ஆய்வை நகர்த்த முடியும். உள்ளூர்த் திருவிழா நாள்களை ஆய்வுக்கூட நாள்காட்டியில் குறித்துவைத்து, அந்த வாரங்களில் நடத்தைச் சோதனைகளைத் தவிர்ப்பது எந்த ஒலித்தடுப்புச் சுவரையும்விட மலிவு.

உடை மாற்றும் அறையில் ஒரு சிறு மாடமும் கட்டுங்கள், தலையிலிருக்கும் மல்லிகையைக் கழற்றி வைக்க. மதுரையில் இதை எழுதாமல் இருக்க முடியாது. எலி உலகை மணத்தால் அறிகிறது. ஆண் ஆய்வாளரின் உடல்மணமே எலிகளின் வலி உணர்வை மாற்றிக் காட்டியதாக 2014-இல் ஆய்வு வெளிவந்திருக்கிறது. பூவும் சென்டும் வாசலோடு நிற்கட்டும்.

எட்டாம் படி: கூண்டு

தனித்தனியாகக் காற்று செல்லும் கூண்டு அடுக்கு, நம் பேச்சில் ஐவிசி, எல்லோருக்கும் வேண்டுமா? ஸ்விஸ் வகை வெள்ளை எலிகளில் குறுகிய கால மருந்துச் சோதனை மட்டும் செய்யும் கூடத்துக்கு நல்ல காற்றோட்டமுள்ள அறையில் திறந்த கூண்டே போதும் என்பேன். எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகள், மரபணு மாற்றிய எலிகள், நோய்க்கிருமி ஆய்வு ஆகியவற்றுக்கு ஐவிசி இல்லாமல் முடியாது. வாங்குவதென்றால் நான்கு செய்திகளை உறுதி செய்யுங்கள். வெளியேறும் காற்று, நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகக் கட்டடத்தின் குழாய்க்குள் போக வேண்டும், அறைக்குள் திரும்ப விடக் கூடாது. மூடியின் ரப்பர் பட்டை தனியாகக் கிடைக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கூண்டு இன்னொன்றின் அடுக்கில் பொருந்தாது என்பதால் உதிரிக் கூண்டுகளின் விலையை ஐந்து ஆண்டுக்கு இப்போதே எழுதி வாங்க வேண்டும். ஊதுவிசிறியைப் பழுது பார்ப்பவர் சென்னையிலிருந்து வருவாரா, பெங்களூரிலிருந்து வருவாரா, எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கூண்டின் பிளாஸ்டிக் எது என்பதும் ஆய்வின் ஒரு பகுதி. 1998-இல் அமெரிக்காவில் பேட்ரிஷியா ஹன்ட் என்ற ஆய்வாளரின் எலிகளில், எந்த மருந்தும் கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவிலேயே கருமுட்டைகளின் குரோமோசோம் கோளாறுகள் திடீரென்று கூடின. தரை கழுவும் காரச் சோப்பால் தவறுதலாகக் கழுவப்பட்ட பாலிகார்பனேட் கூண்டுகள் சிதைந்து, பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்ததே காரணம் என்று கண்டறிந்து 2003-இல் வெளியிட்டார்கள். அடிக்கடி ஆட்டோகிளேவ் செய்யும் கூடத்துக்குப் பாலிசல்ஃபோன் கூண்டு விலை கூடினாலும் நீடிக்கும். எதுவாயினும், கழுவுபவரின் கையில் இருக்கும் சோப்பு டப்பாவை நீங்களே ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

உமி நம்மிடம் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் அரவை ஆலையிலிருந்து மூட்டையில் வரும்போது தூசு, நெல்லந்து, சில நேரம் காட்டெலியின் எச்சம் எல்லாம் சேர்ந்தே வரும். சலித்து, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து, உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். ஆட்டோகிளேவ் இரு கதவு உடையதாக, அழுக்குப் பக்கத்தில் ஏற்றித் தூய பக்கத்தில் இறக்குவதாக இருந்தால் பாதித் தொற்று அங்கேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு கூண்டிலும் ஒரு குழாய்த் துண்டு போடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காமல் குழாயில் ஏற்றித் தூக்கினால் எலியின் பதற்றம் குறைவதை 2010-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான மேம்பாடு இதுதான்.

ஒன்பதாம் படி: கருவிகள்

இப்போது அந்த உறையைத் திறக்கலாம். முதலில் கூண்டு மாற்றும் காற்றுமேசை. எலிச் சிறுநீரின் புரதம் மனிதருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தரும். சாதாரண லாமினார் மேசை எலியைக் காக்கும், ஆனால் காற்றை நம் முகத்தில் அடிக்கும். இருவரையும் காக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈதர் நனைத்த பஞ்சை இன்னும் பயன்படுத்தும் கூடங்கள் அதைக் கைவிட்டு ஐசோஃப்ளூரேன் கருவிக்கு மாற வேண்டும். மயக்கத்தில் ஆழ்த்த 3 முதல் 5 விழுக்காடு, நிலைநிறுத்த 1 முதல் 2 விழுக்காடு. கழிவு வாயுவை உறிஞ்சும் அமைப்பும் அறுவையின்போது உடலைச் சூடாக வைக்கும் மெத்தையும் சேர்ந்தே வர வேண்டும். அசையும் எலியை எடை போடும் வசதியுள்ள தராசு, தணிக்கைக்குக் காட்டச் சான்றெடை. நடத்தைச் சோதனைக் கேமராக்கள் கடைசி. அவை இரண்டு ஆண்டுக்கொருமுறை மலிவாகிக்கொண்டே வருகின்றன, அவசரமில்லை.

இறந்த எலிகளுக்கும் உறுப்புகளுக்கும் 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பை, அதை எடுத்துச் செல்லும் வரை வைக்கத் தனி உறைபெட்டி. தீவனம் வைக்கும் குளிர்பெட்டியில் ஒரு மூலை என்ற சமரசம் வேண்டாம்.

பத்தாம் படி: எலிகள் வருமுன், வந்தபின்

வேலை முடிந்த அறை வண்ணத்தின் நெடி போகும்வரை, குறைந்தது இரண்டு வாரம், முழுக் காற்றோட்டத்தில் வெறுமையாக ஓடட்டும். முதல் படியில் வாங்கிய பதிவுக் கருவிகளை அதே இடங்களில் மீண்டும் வையுங்கள். பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே தாளில் வரைந்தால் செலவிட்ட பணம் எங்கே போயிற்று என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

பிறகு பத்துப் பன்னிரண்டு எலிகளை மட்டும் கொண்டுவந்து ஒரு மாதம் வையுங்கள். வெளியிலிருந்து வருபவை எங்கிருந்து வந்தாலும் தனிமை அறையில்தான் முதலில் இறங்க வேண்டும். காலனியில் நோய் புகுந்ததா என்று அறிவதற்காக, மற்றக் கூண்டுகளின் அழுக்கு உமியைச் சிறிது சேர்த்து வளர்க்கும் காவல் எலிகளைக் காலாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவது நல்ல வழக்கம். ஆனால் காற்றில் பரவும் சென்டாய் வைரஸும் மயிர்ப்பேனும் அழுக்கு உமி வழியாகச் சரிவரத் தொற்றாது. எனவே வடிகட்டித் தூசியில் பி.சி.ஆர். சோதனையும் சேர்ந்தால்தான் கண்காணிப்பு முழுமையாகும்.

கடைசித் தவணைக் காசோலையில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மே மாதத்தில் ஒரு நாள், அறை இன்னும் வெறுமையாக இருக்கும்போது, பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒப்பந்ததாரரையும் பொறியாளரையும் அட்டெண்டர் அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதன்மை மின்சுவிட்சை நீங்களே கீழே இழுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். விளக்கைப் பார்க்காதீர்கள், குளிர்விப்பானைப் பாருங்கள். நான்கு மணி நேரம் கழித்து மேல் அடுக்கின் கருவி 26 டிகிரிக்குள் நின்றிருந்தால் கையெழுத்திடலாம்.